நாற்காலியில் இன்னொரு பஞ்சநதம்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு நாற்பது. பேராவூரணிக்கு மேற்கே, கல்லணைக் கால்வாயிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் மதகில் ஐம்பத்து மூன்று வயது ஆணின் உடல் ஒதுங்கியிருந்தது.

பின்தலையில் ஒரே அடி.

உடலைத் திருப்பியதும் இன்ஸ்பெக்டர் ஜெயபாரதிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பஞ்சநதம். ஒரத்தநாட்டுப் பக்கம் எட்டு மா நிலம் வைத்திருந்தவர். மணல் லாரியை மறித்த, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவரை லாரி ஏற்றிக் கொன்றதை நேரில் பார்த்தவர். ஒரே சாட்சி.

வியாழக்கிழமை தஞ்சாவூர் கோர்ட்டில் அவர் கூண்டில் ஏற வேண்டும்.

'அடையாளம் தெரியாத ஆண்' என்று எழுதிக்கொள்ளும்படி ஏட்டிடம் சொன்னார் ஜெயபாரதி. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றார். சேலைக்கு மாறி, சொந்தக் காரில் கிளம்பினார்.

ஒன்பதே கால்.

ஒரத்தநாட்டுப் பக்கம், வயலுக்கு நடுவே பஞ்சநதத்தின் தனி வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்... பஞ்சநதம்!

அதே நரை மீசை. தோளில் அதே பச்சைத் துண்டு. இடது காலை நீட்டி வைக்கும் அதே பழக்கம்.

உண்மைப் பெயர் பரணிதரன். மெய்க்காவலர்.

மற்ற மெய்க்காவலர்கள் ஆளுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இவர் ஆளை எங்காவது ஒளித்துவிட்டு, அந்த ஆளாகவே மாறி, வெட்ட வருகிறவனுக்காகக் காத்திருப்பார். பதினாறு வருடத்தில் பத்தொன்பது பேராக இருந்திருக்கிறார். இரண்டு கத்திக்குத்து, ஒரு தோட்டா. பத்தொன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

பஞ்சநதம் இருபதாவது.

பன்னிரண்டு நாளாக அவரைப் பேராவூரணியில் ஒரு தென்னந்தோப்பு மோட்டார் கொட்டகையில் வைத்திருந்தார். அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாம் அங்கேயே. ஃபோன் மட்டும் கிடையாது. இங்கே ஊருக்கு, பஞ்சநதத்துக்கு விஷக்காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். ரோட்டிலிருந்து பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஜெயபாரதி வேளாண்மை ஆபீசிலிருந்து வந்தவர் போல ஒரு ஃபைலை நீட்டினார். குனிந்து, விஷயத்தைச் சொன்னார்.

பரணிதரன் பேப்பரை மடித்தார். தனக்குள்ளே ஏதாவது நடக்கும் என்று சற்று நேரம் காத்திருந்தார்.

எதுவும் நடக்கவில்லை.

"தோப்பு எங்கருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு மேடம். எனக்கு. அவர் சம்சாரம் ராஜாத்திக்கு. ராஜாத்தியோட தம்பி உலகநாதனுக்கு. தோப்பப் பாத்துக் குடுத்ததே அவர்தான்."

"அக்கா தம்பி ரெண்டு பேரும் அழுதா ஊரு நம்பிரும். நீங்க வெளியூரு." ஜெயபாரதி ஃபைலில் எதையோ காட்டுவதுபோல் விரலை வைத்தார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவேன். அதுவரைக்கும் நீங்க பஞ்சநதம். அதுக்குள்ள ரெண்டு பேருல யாருன்னு பாருங்க. அதுக்கு மேல நீங்க முதல் குற்றவாளி."

"இதே வேட்டியோட வரலாங்களா?"

ஜெயபாரதி ஃபைலை மூடிக்கொண்டு காருக்கு நடந்தார்.

ராஜாத்தி உள்ளே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் இருந்தால் பரணிதரனை 'ஏங்க' என்பாள். ஆள் போனதும் 'சார்' ஆகிவிடும். பன்னிரண்டு நாளில் ஒரு தடவைகூட மாறவில்லை.

பேராவூரணியில் மழையா என்று கேட்டாள். கொட்டகை ஒழுகுமா என்று கேட்டாள். அவருடைய சுகர் மாத்திரை இன்றோடு தீர்கிறது, யார் மூலமாவது கொடுத்துவிட முடியுமா என்றாள்.

பார்க்கலாம் என்றார் பரணிதரன்.

ஒன்று, இவளுக்கு எதுவும் தெரியாது. அல்லது, நன்றாக நடிக்கிறாள். நடிப்பையே தொழிலாக வைத்திருந்தவருக்கு, எது என்று சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டரைக்கு உலகநாதன் பைக்கில் வந்தான். நாற்பது வயது. அக்கா கையால் டீ வாங்கிக் குடித்தான். தாளடி நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றான். அத்தானைப் பற்றித் தகவல் உண்டா, நாளை மறுநாள் கோர்ட்டுக்கு எந்த வண்டியில் கூட்டிப்போகிறார்கள் என்று விசாரித்தான். எல்லாமே மச்சினன் கேட்க வேண்டிய கேள்விகள். குரலில் பிசிறு இல்லை.

இருபது நிமிடம்.

எழுந்தான். டம்ளரைக் கீழே வைத்தான். படி இறங்கினான். பைக்கை உதைத்தான். போய்விட்டான்.

ராஜாத்தி நிலைவாசலில் நின்றாள். பைக் சத்தம் அடங்குகிற வரைக்கும் நின்றாள்.

"சார்... அவருக்கு என்ன ஆச்சு?"

பரணிதரன் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஏங்க கேக்குறீங்க?"

"என் தம்பி சொல்லிக்காம போறான்."

"அவசரமா இருக்கும்."

"சண்ட போட்டுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாலும் 'வரேங்க்கா'ன்னு சொல்லாம இந்தப் படிய எறங்குனதில்ல. சொல்லிக்காம போறது எழவு வீட்டுலேருந்துதான் சார்." அவள் ரோட்டையே பார்த்தாள். "இது எழவு வீடுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

பரணிதரன் தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து மடியில் வைத்தார். அதுவே பதிலாகிவிட்டது.

அவள் அழவில்லை. தம்பி குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

பரணிதரன் ஃபோனை எடுத்தார்.

ஒன்றரை மணிக்கு ஜெயபாரதி போனபோது, உலகநாதன் தன் வயல் பம்புசெட்டில் தலையைக் கொடுத்து நின்றிருந்தான். கட்டிய வேட்டியோடு. மேலே மழை தூறிக்கொண்டிருந்தது.

"மழையில தலைக்குக் குளியல். யார் வீட்டு எழவுக்குப் போயிட்டு வந்தீங்க?"

புழுக்கமாக இருந்தது என்றான்.

ஜெயபாரதி வற்புறுத்தவில்லை. குடைக்குள் நின்றபடி, பஞ்சநதம் நான்கு மாதத்துக்கு முன்பு கொடுத்திருந்த வாக்குமூலத்தைப் பிரித்து வாசித்தார். தேதி. நேரம். மதகு. பிறகு அந்த வரி... 'லாரியில் இருவர் இருந்தனர். இருவரையும் என்னால் அடையாளம் காட்ட முடியும்.'

"ரெண்டு பேரா?" என்றான் உலகநாதன்.

"ரெண்டு பேர்."

"மூணு பேருல்ல இருந்தோம்... அத்தான் என் மூஞ்சிலயே டார்ச் அடிச்சாரே..."

பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அடிச்சிருப்பாரு," என்றார் ஜெயபாரதி. "எழுதல. பொண்டாட்டியோட தம்பியாச்சே."

உலகநாதன் அப்படியே வாய்க்கால் தண்ணீரில் உட்கார்ந்தான். கூண்டில் ஏறினால் அத்தான் தன் பெயரையும் சொல்லிவிடுவார் என்று பயந்தேன் என்றான். திங்கட்கிழமை சாயங்காலம் தோப்புக்குப் போனேன் என்றான். கடப்பாரையை எங்கே போட்டான் என்பதையும் கேட்காமலே சொன்னான்.

வியாழக்கிழமை, தஞ்சாவூர். காலை பத்து ஐம்பது.

ஜெயபாரதி வரச் சொல்லியிருந்ததால் பரணிதரன் வந்திருந்தார். பேண்ட், சட்டை. மீசை இல்லை. கடைசி பெஞ்சு.

சாட்சிப் பட்டியலில் பெயர் இன்னும் அடிக்கப்படவில்லை. டவாலி வாசலில் நின்று கூப்பிட்டான்.

"பஞ்சநதம்..."

"பஞ்சநதம்..."

"பஞ்சநதம்..."

மூன்றாவது முறைக்கு பரணிதரன் எழுந்து நின்றுவிட்டார். இடது கால் நீட்டியபடி இருந்தது.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்கதான் பஞ்சநதமா?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும், ஐயா."

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். மூன்றாம் எதிரியாக உலகநாதனின் பெயரைச் சேர்ப்பதற்காக வழக்கு டிசம்பர் 9-ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.