விரலிடுக்கில் ஒரு காசு

பேரம் பேசாத ஆளைக் கண்டால் கமிஷனுக்கு நம்பிக்கை வராது.

கமிஷன் என்பது அவருக்குக் கடைத்தெரு வைத்த பெயர். பழைய வீடுகளில் பழைய படங்களை வாங்கிப் புதுப் பணக்காரர்களின் சுவருக்கு விற்பது தொழில். அவர் சொல்லும் விலையைக் கேட்டு எதிராளி நெஞ்சில் கை வைக்க வேண்டும். மூக்கைச் சிந்த வேண்டும். வாசல்வரை போன இவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் ஒரு பொருளை வாங்கியது மாதிரி இருக்கும்.

அன்று மதியம் அவர் போன மாடி வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜன்னல்கள் சாத்திய கூடம். ஈரச் சுவரின் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. வெகுநேரம் சில்லறையைப் பொத்தி வைத்திருந்த உள்ளங்கையில் வருமே, அது. வீட்டுக்காரம்மா படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். கமிஷன்தான் அதை நேராகத் திருப்பினார்.

மேசைக்குப் பின்னால் ஒரு வியாபாரி உட்கார்ந்திருந்தான். முன்னால் காசுக் குவியல். இடது கை அந்தக் குவியலை அணைத்திருந்தது. வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே ஒரு காசைத் தூக்கிப் பிடித்து, நல்ல காசா கள்ளக் காசா என்று பார்த்துக்கொண்டிருந்தான். காலகாலமாய்ப் படிந்த புகையில் முகம் கறுத்திருந்தாலும் அந்தக் கண்ணின் கவனம் மட்டும் கறுக்கவில்லை.

கமிஷன் அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் வீட்டுக்காரம்மா.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் குறைத்துச் சொல்லியிருக்கலாமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேட்டுக்குங்க. எங்க வீட்டுக்காரர் இதை வாங்கிட்டு வந்தப்ப..."

கமிஷன் கையை உயர்த்தினார். விற்கிறவர்கள் கதை சொல்ல ஆரம்பித்தால் விலை ஏறும் என்பது அவர் தொழிலில் பாலபாடம். மாமனார் ஆசையாய் வாங்கியது, செத்தவர் கடைசியாய்ப் பார்த்தது என்று ஒவ்வொன்றாய் வந்து, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காசு வைக்க வேண்டியதாகும்.

"கதையெல்லாம் வேண்டாம்மா. படம் மட்டும் போதும்."

 அவள் கதவைத் திறந்து விட்டாள்.

*

கமிஷனுக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடு அறையில் அவருடைய மச்சினன் வேலை செய்வான். பழைய படங்களைப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரன். பேசினால் மட்டும் சுள்ளென்று வரும். பஞ்சைக் குச்சியில் சுற்றி, எச்சிலில் நனைத்து, அழுக்கை ஒற்றி ஒற்றி எடுப்பான். பழைய சாயத்துக்கு எச்சில் மாதிரி பதமான மருந்து கிடையாதாம்.

குவியலில் பாதி துலங்கியதும் மாமாவைக் கூப்பிட்டான்.

"காசுல கண்ணாடி போட்ட ராஜாவைப் பாத்திருக்கீங்களா மாமா?"

கமிஷன் குனிந்து பார்த்தார். ஒரு காசில் மூக்குக்கண்ணாடி போட்ட பக்கவாட்டு முகம். பக்கத்துக் காசில் பொக்கை வாய்க் கிழவி. அதற்கு அடியில் குழந்தை. அத்தனை காசிலும் முகம் இருந்தது. ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

"பார்வை மங்கின ராஜா போல. உனக்கென்ன, தேய்."

"எச்சில்ல செம்பு ருசி அடிக்குது மாமா. சாயத்துக்கு அந்த ருசி வராது."

"ருசி பாக்கவா உனக்குச் சம்பளம்?"

வியாபாரி கையில் தூக்கிப் பிடித்த காசு மட்டும் மொட்டையாக இருந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள்.

"இது தானா அழிஞ்சது இல்ல. யாரோ கத்தியால சுரண்டியிருக்காங்க. காரணம் இல்லாம சுரண்ட மாட்டாங்க. இல்லாத முகத்தை நான் வரைய மாட்டேன்."

"மாப்ள, மொட்டைக் காசைத் தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்கற கிறுக்கனை எவன் வாங்குவான்? ஏதாவது ஒரு மூஞ்சியைப் போடு. படம் வாங்க நாளைக்குக் கட்டடக்காரர் வரார்."

மச்சினன் முணுமுணுத்தபடி தூரிகையை எடுத்தான். முகத்துக்கு எங்கே போவது? ஜன்னலோரம் அவன் அக்கா, கமிஷனின் மனைவி, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அவள் மூக்கையும் நெற்றியையும் ஓரம் கட்டியிருந்தது.

"அக்கா, ஆடாம இரு."

"என் மூஞ்சி எங்கடா செல்லும்?" என்று சிரித்தாள் அவள். "உங்க மாமா கையில குடுத்தா இதுக்கும் பேரம் பேசுவார்."

கமிஷனும் சிரித்தார். ஊருக்கெல்லாம் அவர் பொய் விலை சொன்னாலும், ஒரு பொருளை என்ன விலைக்கு வாங்கினார் என்பதை ஒளிக்காமல் அவர் சொல்லும் ஒரே ஆள் அவள்தான்.

பொழுது சாய்வதற்குள் காசில் முகம் வந்துவிட்டது. அப்படியே அவள். கமிஷனுக்கு வாயெல்லாம் பல்.

*

மறுநாள் காலை, காபி கொண்டுவந்து வைத்த மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

"இல்லியே. உங்களைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் எழுந்து அவளுக்கு முன்னால் போய் நின்றார். அப்போதும் ஒரு கண்தான் தெரிந்தது. பாதி உதடு. ஒரு மூக்குத்துவாரம்.

இடப்பக்கம் போனார்.

அதே பாதி.

சுற்றி வந்தார். அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஆனாலும் எங்கே நின்று பார்த்தாலும் அதே ஒரு பக்கம்தான் அவருக்குத் தெரிந்தது.

கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது. விட்ட பிறகு உள்ளங்கையை முகர்ந்தார்.

சில்லறை வாடை.

"என்னங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள் அவள் மெல்ல. "யாரோ இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பாக்கற மாதிரி."

கமிஷன் செருப்பைக்கூட மாட்டவில்லை. மாடி வீட்டுக்கு ஓடினார்.

வீட்டுக்காரம்மா அவர் கால்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "அந்தக் காசுல முகத்தைப் போட்டுட்டீங்களா?"

"என் சம்சாரம்மா. என்ன செய்யணும், சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரர் விளையாட்டா தன் முகத்தையே வரைஞ்சார். கண்ணாடி போட்டிருப்பார். குவியல்ல பாத்திருப்பீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "அவன் பாத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் நேரம் இருக்கு. கையில இருக்கும்போதே சுரண்டிடுங்க. பாத்து முடிச்சுக் குவியல்ல போட்டுட்டான்னா அவ்வளவுதான். நான் கத்தியோட போனப்ப அவர் குவியலுக்குப் போயிட்டார். அவன் கையில புதுசா ஒரு மொட்டைக் காசு. ஆத்திரத்துல அதைத்தான் கீறினேன். அன்னிக்கே இதைச் சொல்ல வந்தேன்."

கமிஷன் வந்த வழியே ஓடினார்.

*

கடையில் கட்டடக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. நடு அறையிலிருந்த படத்தை அவரே தூக்கி வந்து எதிரில் சாய்த்து வைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"இவன் என்னை மாதிரியே இருக்கான்யா! என் நாற்காலிக்குப் பின்னாடி மாட்டணும்."

கமிஷன் மேசையிலிருந்த பேனாக்கத்தியை எடுத்தார். படத்தில் காசு இன்னும் விரலிடுக்கில்தான் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

"ஒரு சின்ன வேலை பாக்கி. அந்தக் கைக்காசை மட்டும்..."

"தொடாதீங்க! அந்தப் பொம்பளை முகத்துக்குத்தான் இவ்வளவும். அது இல்லைன்னா எனக்குப் படமே வேண்டாம்" என்று கட்டடக்காரர் ஒரு தொகையைச் சொன்னார்.

கமிஷன் ஆயுசில் அப்படி ஒரு தொகையை வேறொருவர் வாயால் கேட்டதில்லை.

கத்தி கையிலேயே நின்றது.

இப்போதே சுரண்டினால் படம் போச்சு. முன்பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏற்றும்போது கத்தி தவறிப் பட்டுவிட்டது என்றால்? பட்ட பிறகு பாதி விலைக்காவது பேசிக்கொள்ளலாம். அவன் இன்னும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். அவளும் இருப்பாள். இரண்டு நிமிடம். இரண்டே நிமிடம்.

"என்னங்க..."

பின்பக்கத்திலிருந்து அவள் குரல். சிமென்ட் தரையில் ஏதோ உருண்டு போவது மாதிரி மெலிந்து, சுழன்று வந்தது.

"இதோ வரேன்!" என்று கத்திவிட்டுக் கட்டடக்காரர் பக்கம் திரும்பினார். "சார், மனசாட்சியோட பேசுங்க. இந்த மாதிரிப் படம் இனிமே கிடைக்குமா?"

கட்டடக்காரர் யோசித்தார். தாடையைச் சொறிந்தார். தொகையை ஏற்றினார்.

"கடைசி விலை. சம்மதம்னா சொல்லுங்க."

சம்மதம் என்று சொல்லத்தான் கமிஷன் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் கத்தி காசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் எத்தனையோ வருஷமாய் ஒரே தடத்தில் ஓடிய நாக்கு அது.

"இன்னும் கொஞ்சம் மேல வாங்க சார்."

ணங்.

காசின்மேல் காசு விழுகிற சத்தம். தெருவில் இல்லை. கல்லாவில் இல்லை.

"சரிய்யா, உங்க இஷ்டப்படியே ஆகட்டும்" என்று கட்டடக்காரர் பையைத் திறந்தார். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

கமிஷன் படத்தைப் பார்த்தார்.

வியாபாரியின் விரலிடுக்கில் கீறலே இல்லாத ஒரு மொட்டைக் காசு. குவியலின் உச்சியில் அவள்.

பணக்கட்டு அவர் பக்கம் நீண்டது. அவர் கையும் நீண்டது. தொழில் பழகிய கை.

*

ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஊசியில் நூல் கோத்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

அவளைக் குளிப்பாட்டித் துணி மாற்ற உள்ளே போன உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். யாரும் அழவில்லை. யாரும் கமிஷன் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியவள் ஒருத்தி மச்சினனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அவன் உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வந்து, சுவரோரம் குந்தியிருந்த மாமாவுக்கு முன்னால் நின்றான்.

"படத்தை எவ்வளவுக்கு வித்தீங்க?"

கமிஷன் சொன்னார். பாதியைத்தான் சொன்னார். வாய் தானாகவே குறைத்துக்கொண்டது.

மச்சினன் தலையை ஆட்டினான்.

"இல்ல மாமா. அக்காவோட அந்தப் பக்கக் கன்னத்துல இதுக்கு ரெண்டு மடங்கு தொகை போட்டிருக்கு."

கமிஷன் நிமிர்ந்தார்.

"காசுக்குப் பின்பக்கம் அச்சு அடிச்ச மாதிரி மேடா இருக்கு. தேச்சுப் பாத்தாங்க, போகல. துணியைப் போட்டு மூடிட்டோம். துணிக்கு மேலயும் தெரியுது."