மரத்தடிக் கெண்டை

இதனால் இராமநாதபுரம் வட்டாரப் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், சேதுச்சீமை மிதிவண்டிச் சங்கத்தின் நிறுவனரும் நிரந்தரத் தலைவருமான அருள்முருகன் அவர்கள், மாவட்டத்துப் பறவைச் சரணாலயங்களை ஒரே பகலில் சுற்றிவந்து இயற்கையைக் காக்கவிருக்கிறார்.

இயற்கைக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. சங்க உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் வலித்தது. கடைசியில் கூட வந்தவன் தங்கை மாரிச்செல்வியின் கணவன் வினோத்குமார் ஒருவன்தான். மச்சான் கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்கிற அளவுக்கு அவனுக்கு இன்னும் கல்யாணம் பழகவில்லை. மாரிச்செல்வி நிறைமாதம். பொழுது சாய்வதற்குள் அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று அண்ணனிடம் கேட்டிருந்தாள். தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

சக்கரக்கோட்டைச் சரணாலயத்தின் பெயர்ப்பலகை முன்னால் நின்று உரையாற்றிப் படமெடுத்துக்கொண்ட பரவசத்தில் புளிச்சோற்றுப் பையை அங்கேயே விட்டுவிட்டார்கள். ஆகவே சிக்கல் ஊரைத் தாண்டி அடுத்த சரணாலயத்தின் கண்மாய்க்கரையில் சைக்கிளை ஏற்றும்போது இருவருக்கும் வயிறு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்கள் எச்சம் படிந்து, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தன. கிளைக்குக் கிளை கூடு. கூடு நிறைய நாரைக்குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் தம் குரல் எடுபடாமல் போனதில் தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம். அப்போதுதான் கரையோர மரத்திலிருந்து ஒரு கெண்டை நழுவி, வினோத்குமாரின் முன்சக்கரத்தடியில் விழுந்து துள்ளியது.

விழுந்ததும் மரத்தில் சத்தம் நின்றது. அந்த ஒரு மரத்தில் மட்டும்.

அவன் மீனைக் கையில் எடுத்தான். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பூமயில் என்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அத அங்கனயே போட்டுருங்க. கீழ விழுந்தத எங்க ஊருல யாரும் எடுக்க மாட்டோம். குஞ்சுக்குன்னு கொண்டாந்தது."

"குஞ்சு எறங்கி வந்து எடுத்துக்குமாக்கும்?" என்றான் வினோத்குமார்.

"எடுக்காது. அதுக்காக நீங்க குஞ்சாயிருவீகளா?"

தலைவர் குறுக்கிட்டு உணவுச் சங்கிலி குறித்து விளக்கினார். பூமயில் பாதி வரை கேட்டாள். ஓர் ஆடு தற்செயலாக வேறு பக்கம் போனது; அவளும் நன்றியோடு அதன் பின்னால் போய்விட்டாள்.

சரணாலயத்தில் தீ மூட்டக்கூடாது என்று காலையில்தான் பேசியிருந்தார். அது பொதுமக்களுக்கு. சுள்ளி பொறுக்கி, கரைச்சரிவில் வாட்டினார்கள். முள்ளை உமிழ்ந்தபடி வினோத்குமார் முக்கால்வாசியைத் தின்றான். தலைவர், தலைமைக்குரிய அடக்கத்துடன், வால்பக்கம் எடுத்துக்கொண்டார். மீனில் சேற்று வாசம் இல்லை. வேறொரு வாசம் இருந்தது. வெதுவெதுப்பாக, யாரோ மென்று கொடுத்ததுபோல.

மறுபடி மிதிக்கத் தொடங்கியதும் வினோத்குமார் பசிக்கிறது என்றான். இப்பத்தானே தின்னோம் மாப்பிள்ளை என்றார் தலைவர். கொஞ்ச தூரத்தில் மறுபடி சொன்னான். பிறகு, தொண்டை ஒரு மாதிரி இருக்கிறது என்றான், குரல் கரகரத்தது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்து, மரங்களின் நிழல் தண்ணீரிலிருந்து கரையேறி, பாதையைத் தாண்டி மறுபக்கத்து வயலுக்குள் விழுந்து கிடந்தது. எச்சமும் அழுகிய பாசியும் கலந்த நெடி மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கட்டியது. பின்னால் வினோத்குமாரின் சங்கிலி கிறீச்சிடுவது ஒன்றுதான் தலைவருக்குத் துணையாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் கடக்கக் கடக்க ஒவ்வொரு மரமாக வாயடைத்துக்கொண்டே வந்தது.

பெரிய நாரைகள் அலகைத் திருப்பி அவர்களையே பார்த்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

கிறீச்சும் நின்றது.

திரும்பினார். கரை நடுவே சைக்கிள் கிடந்தது. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு காலணிகள். சரிவில் ஈரமாக ஒரு தடம், தண்ணீரை நோக்கி. கால் தடம் மாதிரிதான் இருந்தது. விரல்கள்தான் நீளம்.

"மாப்பிள்ளை."

சரிவில் இறங்கினார். முழங்கால் வரை சேறு. கூப்பிட்டார். தம் குரலைத் தாமே நம்பவில்லை. மேலே ஏறினார். பூமயிலைத் தேடினார். கரை காலி.

பையில் போன் அதிர்ந்தது. மாரிச்செல்வி.

"அண்ணே, எங்கன இருக்கீக? வலி எடுத்துருச்சு. அவரு போன எடுக்க மாட்டேங்குறாரு. சீக்கிரம் கூட்டியாங்கண்ணே."

வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்ல வாயைத் திறந்தார். எத்தனையோ மேடையில் ஓயாத வாய். ஒரு சொல்லும் வரவில்லை. தொண்டைக்குள் கரகரவென்று ஏதோ உரசியது. மறுபடி முயன்றார். அதே சத்தம்.

"அண்ணே?"

அந்தச் சத்தத்துக்கு மேலேயிருந்து பதில் வந்தது. அண்ணாந்தார்.

உச்சிக்கிளைக் கூட்டில், குஞ்சுகளுக்கு நடுவே, வினோத்குமார் குந்தியிருந்தான். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடக்கி, கழுத்தை நீட்டியிருந்தான். ஒரு கழுத்து அவ்வளவு நீளாது. வாய் திறந்திருந்தது. காதுவரை. கிளைக்கு வந்த பெரிய நாரை மற்றக் குஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, மெல்லக் குனிந்து, அலகை அவன் தொண்டைக்குள் முழுதாக இறக்கியது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வாயை அவன் மூடவில்லை.

போனுக்குள் தங்கை அழுதாள்.

தலைவருக்குப் பசித்தது.