முள் இறங்கும்வரை

"அம்மா, நம்ம வயக்காட்டு மண்ணு" என்று காதருகே குனிந்து சொன்னாள் அரசி. பற்றுமானியின் முள் அசையவில்லை. "ஒன் ரெட்டை வடச் சங்கிலி." அதற்கும் இல்லை. "பேத்தி கல்யாணம்." ஊஹூம்.

முன்பெல்லாம் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால், மண்ணாசையோ பொன்னாசையோ என்று ஊகித்து, மண்ணைக் கரைத்தும் பொன்னை உரசியும் வாயில் ஊற்றுவார்கள். குருட்டாம்போக்கு வைத்தியம். இப்போது அந்த வேலையைப் பற்றுமானி பார்க்கிறது. சாகக் கிடப்பவரின் நெற்றியில் உணர்வை அளக்கும் வில்லையை ஒட்டிவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்தச் சொல் மூளையில் கொக்கி போட்டு இழுக்கிறதோ அதற்கு முள் ஏறும். கேட்டதைக் கொடுத்தால் இறங்கும், உயிரும் நிம்மதியாகப் பிரியும். பாளையங்கோட்டையில் பந்தல்காரரிடமே வாடகைக்குக் கிடைக்கிறது. நாற்காலி, சாமியானா, பற்றுமானி.

கோமதியம்மாள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அம்மாவை நல்லபடியாக அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான் அரசிக்கு.

"அப்பாவச் சொல்லிப் பாரு" என்றான் அண்ணன் தில்லைநாதன்.

"அப்பா."

முள் துள்ளியது.

அண்ணன் உடைந்துபோனான். அப்பா ஒருநாள் மும்பைக்குப் போனவர் திரும்பவில்லை என்பது அம்மா சொன்ன கதை. அரசிக்கு அப்போது ஆறு வயது, அவர் முகம்கூட நினைவில்லை. ஆனால் அண்ணன் வளர்ந்த பிறகு மும்பையில் தேடாத தெரு இல்லை. தலை நரைத்த பின்னும் வாசலில் யாராவது கூப்பிட்டால் அப்பாவோ என்றுதான் எழுந்து போவான்.

"அவரு வருவாருன்னுதான் காத்துக் கெடக்கா. எனக்கு அப்பா குரலுன்னு மாமா சொல்லுவாவள்லா? நானே கூப்பிடுதேன்."

"சாகப்போறவகிட்ட பொய்யா அண்ணே?"

"நிம்மதியாப் போவட்டும்." அவன் குனிந்தான். "கோமதி, நான் வந்துட்டேன்."

முள் சிவப்பில் போய் முட்டியது. அம்மா கண்ணைத் திறந்தாள். அதில் ஏக்கம் இல்லை, பயம் இருந்தது. ஒரு கை துழாவி, அரசியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது.

"பிள்ளைய ஒண்ணும் செஞ்சிராதிய. கிணத்து மேட்டுல நின்னு நீங்க என்னைய அடிச்சிய. அது பொறுக்காமத் தள்ளிட்டா. ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

இருவரின் பார்வையும் புறவாசலுக்குப் போனது. அங்கே கிணற்றின் மேல் காங்கிரீட் மூடி. ஊரே தண்ணீருக்குத் தவித்த வருடத்திலும் அம்மா அதைத் திறக்கவிடவில்லை. வீம்புக்காரி என்று தெரு முழுக்கச் சிரித்தது. அவள் இவ்வளவு காலமும் காவல் இருந்திருக்கிறாள், இப்போது சாகவும் மனமில்லாமல் காவல் இருக்கிறாள். ஆசைக்கும் பயத்துக்கும் பற்றுமானிக்கு வித்தியாசம் தெரியாது.

அண்ணன் அரசியைத் திரும்பிப் பார்த்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் சிவப்பிலேயே நின்றது.

"ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றான் கடைசியில். "பச்சப் பிள்ளைதானே. மன்னிச்சிட்டேன். நீ தூங்கு கோமதி."

முள் மெல்ல இறங்கியது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. அம்மா போய்விட்டாள்.

இருவருக்கும் அழுகை வரவில்லை.

"அண்ணே, சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல."

அவன் அம்மாவின் கண்களை மூடிவிட்டான்.

"நீ மன்னிச்சேன்னு சொன்னியே, அது அப்பாவாச் சொன்னதா, நீயாச் சொன்னதா?"

பற்றுமானி கேட்பவரைத்தான் அளக்கும். சொல்பவர் மெய்யாகத்தான் சொல்கிறாரா என்று அதற்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. அம்மாவின் நெற்றியிலிருந்து வில்லையைப் பக்குவமாக உரித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, அரசிக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அப்பாவச் சொல்லிப் பாரு. முள்ளு ஏறலன்னா நானாத்தான் சொன்னேன்னு வச்சிக்க."

அரசி வாயைத் திறக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தே முள் ஏறிக்கொண்டிருந்தது.