அந்தோனியாரின் வெறுங்கை

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாளை முதல் சுட்ட மத்தி மீன் என் தொண்டையில் இறங்காமல் போகட்டும். லிஸ்பன்காரன் ஒருவன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

அந்தோனியார் திருநாளுக்கு முந்தின நாள் காலை, லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவின் சின்னக் கோயிலில் மணியடித்துக் காவல் பார்க்கும் கோயில்பிள்ளையாக இருந்த பெல்மீரோ, செஃபரீனோவின் சவரக்கடைக்குள் ஓடி வந்தார். நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு அபீலியோ சாய்ந்திருந்தார். சுங்கத்துறையில் உளவு பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாதவர்.

"ஐயா, அந்தோனியார் கையிலிருந்த பாலன் இயேசுவைக் காணோம்!"

"தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தர்றவரே அவர்தானே? அவர்கிட்டயே கேளும்" என்றார் செஃபரீனோ.

"கிண்டல் பண்ணாதீரும். நாளைக்கு ஊர்வலம். பாலன் இல்லாம சுரூபம் வெளியே போனா சாமியார் என்னை வேலையை விட்டுத் துரத்திடுவார். கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற அறைதான் என் வீடு. இந்த வயசுல நான் எங்கே போவேன்?"

அபீலியோ நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். செஃபரீனோ கடையைப் பூட்டவே மறந்துவிட்டார். துப்பறிவதென்றால் அவருக்கு அவ்வளவு ஆசை.

"இதுல துப்பறிய என்ன இருக்கு அண்ணே? கல்யாணம் ஆகாத பொண்ணு எவளோ தூக்கியிருக்கா. வரன் அமையிற வரைக்கும் பாலனை ஒளிச்சு வைக்கிறது நம்ம ஊர் வழக்கம்தானே? எனக்கு மூணு பேர் மேல சந்தேகம். மூணு பேரோட அப்பாவும் என் வாடிக்கைதான்."

கோயிலில் அபீலியோ நெடுநேரம் சுரூபத்தையே பார்த்தார்.

"இவர் எப்பவும் வாசலைப் பார்த்துத்தானே நிப்பார்?"

"ஆமாங்க. நான் தொடவே இல்லை."

"இப்போ பக்கத்து ஜன்னலைப் பார்க்கிறாரே."

"திருடின அவசரத்துல திரும்பியிருக்கும்" என்றார் செஃபரீனோ. ஜன்னலுக்கு வெளியே தேஜோ நதி பளபளத்தது.

மூவரும் படிக்கட்டுச் சந்துகளில் ஏறினார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் காகிதத் தோரணம், துளசித் தொட்டி, கீழே கரி அடுப்புப் புகை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் தோரணம் இல்லை. கொடியில் ஓர் ஆண் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

"இது ஆம்பளை இருக்கிற வீடு. மேலே போவோம்" என்றார் செஃபரீனோ.

அபீலியோ நகரவில்லை. "இந்த வீட்டு அர்மீந்தோவுக்கு நீர் கடைசியா எப்போ சவரம் பண்ணினீர்?"

"ஏப்ரல்ல. நியூபவுண்ட்லாந்துக்கு மீன் கப்பல் கிளம்பறதுக்கு முன்னா..." செஃபரீனோ பாதியில் நிறுத்தினார்.

"வரன் கேக்குறவ அந்தோனியாரைச் சுவர் பக்கம் திருப்பி வெச்சுத் தண்டிப்பா. இவ கப்பல் திரும்பி வர்ற நதியைப் பாருன்னு திருப்பியிருக்கா. புது ஆளைக் கேக்கலை, போன ஆளைக் கேக்குறா. அவன் வந்ததும் போட்டுக்கச் சட்டையும் துவைச்சு வெச்சிருக்கா."

"அண்ணே, அந்தக் கப்பல்..."

"தெரியும்."

கப்பல் முழுகிய செய்தி போன வாரமே சவரக்கடையில் உரக்க வாசிக்கப்பட்டது. சந்து முழுக்கத் தெரியும். யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோயில்பிள்ளையைப் படியிலேயே நிறுத்திவிட்டு மற்ற இருவரும் உள்ளே போனார்கள். அர்மீந்தோவின் மனைவி இதலீனா எதையும் மறைக்கவில்லை. பாலன் அடுப்படியில், கம்பளித் துணிக்குள் இருந்தான்.

"அவர் வந்ததும் நானே கொண்டு வந்து வெச்சிடறேன் பெரியவரே. அதுவரைக்கும் தரமாட்டேன்."

அபீலியோ தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதலீனா..."

"கொஞ்ச நாளா என்னைப் பார்த்தாலே எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்க" என்றாள் அவள். "அது எதுக்குன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிடாதீங்க."

சுங்கத்துறையில் எத்தனையோ கடத்தல்காரர்களைப் பேச வைத்தவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். செஃபரீனோ கம்பளித் துணியின் விலகிய நுனியைப் பாலன் மேல் இழுத்து மூடினார்.

வெளியே வந்தார்கள்.

"கிடைச்சுதா ஐயா?"

"இந்த விஷயம் எனக்குப் பிடிபடலை பெல்மீரோ."

பெல்மீரோ கொடியில் சொட்டிய சட்டையைப் பார்த்தார். பிறகு மூடிய கதவைப் பார்த்தார். "சாமியார்கிட்ட நான் என்ன சொல்றது?" என்று கேட்டார். அபீலியோ அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் அந்தோனியார் வெறுங்கையோடு ஊர்வலம் போனார். சந்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாமியார் மட்டும் பார்த்தார். அடுத்த வாரம் பெல்மீரோ படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நதிக்கு அக்கரையில் தம்பி வீட்டுக்குப் போனார். ஏனென்று அவரிடம் கேட்டவர்களுக்கு மூட்டுவலி என்றார்.

சந்தேகம் உள்ளவர்கள் இன்றும் அந்தக் கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே அந்தோனியார் இரண்டு கையாலும் ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியது. அவர் கையில் எந்தக் காலத்திலும் பாலன் இருந்ததில்லை. ஆனாலும் சுட்ட மத்தி மீன் இன்றுவரை என் தொண்டையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.