குறுக்கே திரும்பிய திருகு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நான் இறங்கியது பிற்பகலில்தான். ஆனால் மழை மூட்டத்தில் விளக்கு வைக்கிற நேரம் போலிருந்தது. ஐம்பத்தி நாலாம் வருஷத்து ஐப்பசி. தலையில் சாக்கு, கையில் ஸ்பேனர் பெட்டி.

பொன்னேரியில் ரைஸ்மில் எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான், ஜலாலுதீன். என் தங்கை மெஹர்னிசாவை ஆரம்பாக்கத்துப் புகுந்த வீட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, இங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. இருந்ததெல்லாம் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஒரு ஜெனரேட்டர். நாலு பேர் தூக்கினால் இடம் மாறும். அது நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும்.

"எங்கண்ணன் வந்தா ஓட வெச்சிடுவான்" என்று மெஹர்னிசா சொல்லியனுப்பினாளாம். எனக்கு அதில் பெருமை வேறு.

ஆஸ்பத்திரி ஒரு பழைய பங்களா. ஆபரேஷன் அறையை ஒட்டி, ஜன்னலே இல்லாத அறை ஒன்றில் எஞ்சினை வைத்திருந்தார்கள். உள்ளே போனதும் ஈரச் சுவர் வாடை. அதோடு பீடி வாடை.

"யாரு இங்க பீடி குடிச்சது?" என்று ஆயா முத்தம்மாளைக் கேட்டேன்.

"யாரும் இல்ல பாய். கலியன்தான் குடிப்பான். அவன்தான் இத்த ஓட்டிக்கினு இருந்தான். போன மழக்காலத்துல செத்துட்டான்."

"இன்னா ஆச்சு?"

"இன்னாத்த சொல்றது? வெளிய சரியான மழ. கதவ சாத்திக்கினு உள்ள இருந்தான். அப்பால தொறந்து பாத்தா குந்துன வாக்குல செத்துக் கெடக்கறான். காத்து கருப்பு அடிச்சிச்சின்னாங்க."

பேய்க்கதை கேட்கிற நேரமா அது? வேலையைப் பார்த்தேன்.

டாங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் பைப்பில் ஒரு பித்தளைத் திருகு உண்டு. கைப்பிடி பைப்போடு நேராக நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. திறந்துவிட்டு நாலைந்து தடவை கயிற்றை இழுத்தேன். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. நன்றாகவே ஓடியது. சாரல் எஞ்சின் மேலேயே அடித்ததால் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் விக்கி விக்கி நின்றுவிட்டது.

திருகு குறுக்கே நின்றது.

அதிர்வில் திரும்பியிருக்கும் என்று நினைத்து, கைப்பிடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். கதவு திறந்திருந்தவரை ஓடியது. சாத்தினேன். நின்றது.

திருகு மறுபடி குறுக்கே.

கட்டிய கம்பி முறுக்கவிழ்ந்து, வளைவெல்லாம் நீவி நேராக்கப்பட்டு, டாங்கின் மேல் கிடந்தது.

முத்தம்மாள் வாசலோடு நின்றுகொண்டாள். "கதவ மூட்னா அதுக்கு ஆவாது பாய். மழ வந்தாலே இதே பேஜாருதான்" என்றாள் ரகசியமாக.

பக்கத்து அறையிலிருந்து மெஹர்னிசாவின் குரல் கேட்டது. "அண்ணே... ஆச்சா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. திருகையே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டாங்கைச் செங்கல் வைத்து உயர்த்தி, ஒரு செம்புக் குழாயால் டாங்கையும் கார்புரேட்டரையும் நேராக இணைத்தேன். இனி அடைக்க அங்கே ஒன்றுமில்லை. கயிற்றை ஒரே இழுப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

இந்தத் தடவை நிற்கவில்லை. ஆபரேஷன் அறைக்கும் இதற்கும் நடுவிலிருந்த கதவின் இடுக்கு வழியே வெளிச்சம் தெரிந்தது. டாக்டரம்மா வேலையை ஆரம்பித்துவிட்டார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பீடி வாடை கிட்டே வந்தது.

சட்டைப் பைக்குள் ஏதோ நகர்ந்தது.

க்ரிக்.

திருகை வெளியே எடுத்தேன். கைப்பிடி குறுக்கே நின்றது. நேராக்கி, கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். பிடியை உதறுகிற பிள்ளை மாதிரி அது என் கைக்குள்ளேயே முரண்டு பிடித்துத் திரும்பியது. நேராக்கினேன். மறுபடி திரும்பியது. தலை விண்விண்ணென்று தெறித்தது, வயிற்றைப் புரட்டியது. பயம்தான் இப்படிச் செய்கிறது என்று நினைத்தேன்.

காதோரம் ஒரு குரல். பேச்சு இருந்தது, மூச்சு இல்லை.

"கதவு, பாய்."

அந்தப் பக்கம் ஏதோ தட்டு விழுந்து உருண்டது. "முத்தம்மா, தலை சுத்துது, என்னைப் பிடி" என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலியனைக் காத்தும் அடிக்கவில்லை, கருப்பும் அடிக்கவில்லை. மூடிய அறையில் எஞ்சின் புகை அவனைக் கொன்றிருக்கிறது. இன்னொருவர் அப்படிப் போகக் கூடாதென்று, கதவு மூடும்போதெல்லாம் அவன் பெட்ரோலை அடைத்திருக்கிறான். அவனுக்கு இருந்த ஒரே பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்ட கெட்டிக்காரன் நான்!

எழுந்திருக்க முடியவில்லை. தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்து மழையில் விழுந்தேன். "ஜன்னலெல்லாம் தொறங்க!" என்று கத்தினேன். ஆட்கள் ஓடிவந்து, ஓடுகிற எஞ்சினை அப்படியே தாழ்வாரத்துக்கு இழுத்தார்கள். வெளிச்சம் அணையவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் பிள்ளை அழுதது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

மறுநாள் எஞ்சினைத் தாழ்வாரத்திலேயே நிறுத்தி, வேறு திருகு மாட்டினேன். பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை; சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

தையல் பிரித்ததும் மெஹர்னிசாவைப் பழவேற்காட்டில் உம்மா இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஒரு சாயங்காலம் நான் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மழை இல்லை. எஞ்சினும் இல்லை.

க்ரிக்.

பையில் கை வைத்தபடி நாலா பக்கமும் பார்த்தேன். எல்லாக் கதவும் திறந்திருந்தது. பிள்ளை பெற்றவள் அறையைத் தவிர.

உதைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு சட்டி நிறையக் கரித் தணல், சாம்பிராணி. ஜன்னல் இடுக்கில்கூடத் துணி அடைத்திருந்தது. "பச்ச ஒடம்புக்காரிடா! காத்து பட்டா ஜன்னி வந்துடும்டா!" என்று உம்மா அலறினார். சட்டியை வெளியே வீசினேன். மெஹர்னிசாவின் தலை தொங்கிக் கிடந்தது. துவண்டிருந்த பிள்ளையைக் காற்றுக்குத் தூக்கிவந்து முதுகில் தட்டினேன். தட்டினேன். கடைசியில் வீறிட்டது.

வெகுநேரம் கழித்து மெஹர்னிசா கண் விழித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணே, தொட்டிலாண்ட குந்திக்கினு பீடி குடிச்சியா?"

எங்கள் வீட்டில் யாருக்கும் பீடிப் பழக்கம் இல்லை.