சிவப்பு விளக்கில் ஒரு சொட்டு

மதியம் இரண்டு மணி. கண் மருத்துவமனையின் நடையில் தையற்காரம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். வலது கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. டார்ச் அடித்தும் கண்மணி சுருங்கவில்லை; அகலத் திறந்தே கிடந்தது.

கண்மணியை விரிக்கும் மருந்து அவருக்கு ஆகாது. விட்டால் உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறும், பார்வையே போகலாம். சீட்டில் எழுதியிருந்தும் யாரோ விட்டிருக்கிறார்கள். மருந்தேற்றி அழுத்தத்தை இறக்கியதில் கண் தப்பியது. விட்ட கை எது?

அன்று அவர் கண்ணைத் தொட்டவர்கள் இரண்டே பேர். இருவரும் பார்வை விஞ்ஞானப் பிரிவில் பயிற்சிக்கு வந்த பெண்கள். முதலில், ஒரு டாக்டரின் மகள் என்பதால் டாக்டர் பொண்ணு என்று பேர் வாங்கியவள், இரு கண்களிலும் மரத்துப்போகும் சொட்டு விட்டு அழுத்தம் பார்த்தாள். அந்த மரப்பு தெளிந்த பிறகு மிளகாய், சிவப்பு விளக்கு மட்டும் எரியும் இருட்டறையில், வலது கண்ணில் மட்டும் மறுபடி மரத்துப்போகும் சொட்டு விட்டு, மயிரிழைக் கம்பி வைத்து விழித்திரையின் மின்துடிப்பைப் பதிவு செய்தாள். மிளகாய் என்பது அவள் வாய்க்காக வைத்த பேர்.

பயிற்சி முடிந்தால் ஒருத்திக்குத்தான் வேலை. மிளகாய் அவள் வீட்டின் முதல் பட்டதாரி. சலவைக்கடையில் இஸ்திரி போடும் அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு கண்ணு விஞ்ஞானி" என்று சொல்லி வைத்திருந்தாள்.

பிரிவின் தலைவர் விசாரித்தார். இருட்டறையிலேயே நரைத்தவர் என்பதால் அவருக்கு ஆந்தை என்று பேர்.

"இவதான் சார்," மிளகாய் பொரிந்தாள். "வெள்ளை மூடி மரத்துப்போறதுக்கு, சிவப்பு மூடி விரிக்கறதுக்கு. பச்சைப்புள்ளைக்கும் தெரியும். அப்பா பேரைச் சொல்லி உள்ள வந்தவளுக்குத் தெரியல."

டாக்டர் பொண்ணு அழுதுகொண்டே பையில் சாமானை அடுக்கினாள்.

"பையைக் கீழ வைம்மா," என்றார் ஆந்தை. "மிளகா, கம்பி வைக்கறப்ப அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"குத்துதுன்னு முனகினாங்க. எல்லாரும் முனகறதுதானே? ஆடாம பொறுத்துக்கங்கன்னேன்."

"இடது கண்ணைப் பாத்தியா?"

"வலதுதானே சார் சிவந்திருக்கு?"

"போய்ப் பாத்துட்டு வா."

போனாள். திரும்பி வந்தபோது நடையில் வேகமில்லை. இடது கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது.

"அழுத்தம் பாத்தப்ப தப்பு நடந்திருந்தா ரெண்டும் விரிஞ்சிருக்கும்," என்றாள், தனக்குத்தானே.

ஆந்தை இருட்டறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தட்டில் இரண்டு புட்டிகள்.

"வெள்ளை மூடியை எடு."

கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒரே நிறம். இரண்டுமே வெள்ளை.

அதனால்தான் வெளியே, வெளிச்சத்தில், புட்டியின் பேரை வாய்விட்டுப் படித்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும் என்று விதி. டாக்டர் பொண்ணை முந்திவிட வேண்டுமென்ற அவசரத்தில், முந்தைய சோதனைக்காக யாரோ தட்டில் விட்டுப்போன புட்டியை அவள் எடுத்திருந்தாள்.

"விட்டது நீதான்," என்றார் ஆந்தை. குரலை உயர்த்தவில்லை. "மூடி யாரையும் ஏமாத்தும். என்னையும் ஏமாத்தியிருக்கு. ஆனா மரத்த கண்ணுல கம்பி குத்தாது. குத்துதுன்னு அவங்க வாயால சொன்னாங்க. அப்ப ஏன் நிறுத்தல?"

எங்களை மாதிரி ஆளுங்க பேசினா யார் காதுல விழுது என்று கல்லூரி முழுக்கச் சண்டை போட்டவள் மிளகாய்.

வெளியே வந்து டாக்டர் பொண்ணின் பையைப் பிரித்து, வெள்ளைக் கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் இடம் இருக்குமா போகுமா என்று கேட்கும் தைரியமும் இல்லை.

வார்டில் தையற்காரம்மா கண்ணைக் கையால் மறைத்தபடி படுத்திருந்தார்.

"யாரும்மா? கண்ணு கூசுது, தெரியல. கிட்ட வா."

மிளகாய் கட்டிலருகே போனாள்.

"நான்தாம்மா. குத்துதுன்னு சொன்னீங்கல்ல... கேக்காம விட்டவ."