வெறுந்தொட்டில்

கடல்கடந்த பரமட்டா நகரில் காலனிக் காலத்து அநாதை விடுதியொன்று ஞாயிறுதோறும் பார்வையாளருக்குத் திறந்துவிடப்படும். மேய்ஸ் ஹில் முருகனைத் தொழுது திரும்பும் வழியில், நெற்றித் திருநீறு உலருமுன், பிரஷாந்தனும் மனைவி மிருணாளினியும் அதனுள் நுழைந்தனர். முன்பு கருக்கள் நிலைக்காது போன அவள் வயிற்றில் இப்போது ஏழுமாதப் பிள்ளை. அதன் ஒவ்வோர் அசைவும் அவளுக்கு வேலவன் திருவருள்.

மாடியறையின் மணற்கல் சுவர்கள் நண்பகலிலும் குளிர்ந்திருந்தன. பழைய மெழுகின் வாடை. அதனடியில், புளித்த பாலின் வாடை. சாளரத்தருகே கருத்த மரத்தொட்டில் ஒன்று கிடந்தது. பிரஷாந்தன் விளையாட்டாய் அதை ஆட்டினான்.

"இஞ்சருங்கோ, ஆட்டாதேங்கோ! வெறுந்தொட்டில் ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது."

"இங்கிலீஸ்காரன்ர தொட்டிலுக்கு எங்கட சாத்திரம் தெரியுமே? சும்மா பயப்படாதையும்."

சிரித்தபடி கையை எடுத்தான்.

தொட்டில் நிற்கவில்லை.

மரம் முனகி முனகி ஆடியது. அவன் விளிம்பைப் பற்றி நிறுத்தப் பார்த்தான். உள்ளே ஏதோ கனத்துக் கிடப்பதுபோல், அது அவன் கைகளையும் இழுத்துக்கொண்டு ஆடியது.

மிருணாளினியின் வயிற்றில் அசைவு அடங்கிற்று.

"பிள்ளை துடிக்கேல்லை..." என்றாள், மூச்சுக்காற்றாய்.

கந்தனை அழைக்க வாயெடுத்தாள், சொல் எழவில்லை. எழுந்தது தாலாட்டு ஒன்றே. தொட்டிலின்மேல் குனிந்து பாடினாள்.

"என்ர குஞ்செல்லே, அம்மா நிக்கிறன்... அழாமல் கண்வளரு..."

தொட்டில் நின்றது.

அங்கிருந்து நேரே மருத்துவமனைக்கு விரைந்தனர். தமிழ்நாட்டுத் தாதி ப்ரீத்தி, மிருணாளினியின் வயிற்றில் குளிர்ந்த கருவியை வைத்து, மூச்சடக்கித் தேடினாள். உடுக்கொலிபோல் விரைந்தெழுந்தது சிற்றிதயத்தின் ஓசை.

"முருகா!" பிரஷாந்தன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"குழந்தை நல்லா இருக்கு அக்கா. அழாதீங்க." கருவியை மறுபக்கம் நகர்த்திய ப்ரீத்தியின் முகம் மலர்ந்தது. "அட! ரெட்டைன்னு சொல்லவே இல்லையே?"

"ஒண்டுதானே..." என்றான் பிரஷாந்தன். "எல்லா ஸ்கானிலையும் ஒண்டுதானே."

அறை முழுதும் இன்னோர் இதயம் ஒலித்தது.

மிக மெதுவாக. நெடுங்காலத்து உறக்கம் கலைந்து எழுவதுபோல்.